ஆள் தெரியாத துணி

சின்னவன் துணி துவைக்கிற அழகை யாராவது ஒளிந்திருந்து பார்த்தால், இவன் துவைக்கிறானா திருடுகிறானா என்று சந்தேகம் வந்துவிடும். குளியலறைக் கதவைத் தாழ் போடுவான். குழாயை நூல் கணக்கில் திறப்பான், சத்தம் வெளியே போகக் கூடாதாம். வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பைக் கரைத்து, அதில் தன் பைண்டரை மெதுவாக அமுக்கி எடுப்பான். அடிக்க மாட்டான், பிழிய மாட்டான், பிரஷ் போட மாட்டான். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூட அத்தனை பயந்து நான் பார்த்ததில்லை.

பைண்டர் என்றால் ஒன்றுமில்லை, கையில்லாத பனியன் மாதிரி ஒரு உள்ளாடை. இழுத்தால் நீள்கிற இழுவைத் துணி, நெஞ்சுப் பக்கம் மட்டும் இரட்டைக் கனம். போட்டுக்கொண்டால் மார்பைத் தட்டையாக அணைத்துப் பிடிக்கும், மேலே சட்டை ஒழுங்காக உட்காரும். இந்த வீட்டில் இரண்டாவது பெண்ணாகப் பிறந்து, தான் பெண் இல்லை என்று நெடுநாள் தனக்குள்ளேயே வைத்திருந்து, போன வருடம்தான் வாயைத் திறந்தவன் சின்னவன். அவனிடம் இருப்பது ஒரே ஒரு பைண்டர். இதற்கு முன் இருந்தது தொளதொளத்துப் போய்விட்டது. அதனால்தான் இதற்கு இத்தனை ராஜோபசாரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் குடியிருப்பதே சலவைக் கடைக்கு மேலே. கீழே அப்பாவின் கடை, மேலே வீடு. தெருவில் பாதிப் பேருடைய அழுக்கும் அப்பாவுக்கு அத்துப்படி. எந்தக் கறைக்கு எந்த மருந்து, எந்தத் துணிக்கு எத்தனை சூடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவருடைய பிள்ளை, துவைத்த துணியைக் காயப் போட இடமில்லாமல் அலமாரிக்குள் ஹேங்கரில் மாட்டி, முன்னால் ஒரு கோட்டைத் தொங்கவிட்டு மறைத்து வைப்பான். காற்று படாமல் அது முக்கி முனகிக் காய்வதற்குள் ஒரு வாடை வந்துவிடும். சில நாள் ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு போய், அக்குளில் சிவந்து, தான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் முன்னால் சொறியவும் முடியாமல் நெளிவான்.

இடம் கேட்டால் கொடுக்கக்கூடிய மனிதர்தான் அப்பா. ஆனால் கேட்பது யார்? மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் சின்னவன் எல்லாவற்றையும் சொன்னபோது, அப்பா கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “சரி. லைட்டை அணைச்சுட்டுப் படு” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை, கட்டிப் பிடிக்கவும் இல்லை. அன்றிலிருந்து இருவரும் அந்தப் பேச்சை ஏதோ உடைகிற சாமான் மாதிரி சுற்றிச் சுற்றி நடந்து போனார்கள். தன்னை அப்பா என்னவாக நினைக்கிறார் என்று தெரியாமலேயே சின்னவன் தினமும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். அது அவனுக்குக் கத்தியாக அறுத்தது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். வீட்டுத் துணி கடைத் துணியோடு கலந்துவிடக் கூடாது என்று அப்பா ஒவ்வொன்றிலும் பச்சை நூலில் ஒரு முடிச்சுத் தைப்பார். ஆண்பிள்ளைத் துணிக்குக் கழுத்துக்குப் பின்னால், பெண்பிள்ளைத் துணிக்கு ஓரத் தையலில் கீழே. சின்னவன் புதிதாக வாங்கிய சட்டைகளில் பச்சை நூலே கிடையாது. அவன் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவன் துணியை அவனே துவைத்துக்கொண்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிறார்கள். புதுப் பெயரோடு சின்னவனுக்கு வரப்போகிற முதல் அட்டை. எந்தச் சட்டை, எந்தப் பக்கம் வகிடு என்பதெல்லாம் ஒரு வாரமாக முடிவாகியிருந்தது. பைண்டர் சுத்தமாக, உலர்ந்து, விறைப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் காமிரா முன்னால் நிற்க மாட்டான், செத்தாலும் மாட்டான்.

காலையிலேயே அலசி எடுத்து, துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அதன் மேல் உட்கார்ந்து தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தான். பிழிந்தால் இழுவை போய்விடும் அல்லவா, அதற்காக இந்த யோகாசனம். அப்போது கீழேயிருந்து அக்கா கத்தினாள்.

“டேய், மோட்டார நிறுத்து. டேங்க் வழிஞ்சு என் தலையில ஊத்துது.”

சுருட்டிய துண்டை மாடிப்படிக் கைப்பிடியில் வைத்துவிட்டு ஓடினான். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் துண்டு இல்லை. துண்டு கடைத் துண்டு. கடைத் துண்டு படியில் கிடந்தால் அப்பா கை சும்மா இருக்குமா? அள்ளிக்கொண்டு போயே போய்விட்டார். அம்மா இருந்திருந்தால் ‘யாருது இது’ என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பாள், கதையும் அதோடு முடிந்திருக்கும். அவள் பத்து நாளைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது என் அதிர்ஷ்டம், சின்னவனுக்கு இல்லை.

அவன் இரண்டிரண்டு படியாக இறங்கிக் கடைக்குள் நுழைந்தான். அப்படியே நின்றான்.

கல்லாவுக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி ஒரு கம்பி உண்டு. யாருடையது என்று தெரியாமல் கடையில் தங்கிவிட்ட துணிகளை அப்பா அதில்தான் மாட்டுவார். அதற்கு ஆள் தெரியாத துணி என்று பெயர். ஒற்றைக் கையுறை ஒன்று, பூப்போட்ட தலையணை உறை ஒன்று, நடுவில் ராஜா மாதிரி அவனுடைய கறுப்புப் பைண்டர். தெருக்காற்றில் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

“வீட்டுத் துணியா இருந்தா பச்ச நூல் இருந்திருக்கும்” என்று அப்பா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “எவரோ போட்டுட்டுப் போயிருக்காங்க. இத என்னன்னே புரியல. எலாஸ்டிக் நல்லாருக்கு. ஆனா அலசினது சரியில்ல, ஒரு ஊசிப்போன வாடை.”

சின்னவனுக்கு உடம்பெல்லாம் சுட்டது. அத்தனை பொத்திப் பொத்தித் துவைத்ததற்கு இந்தப் பெயரா?

அந்தக் கம்பியிலிருந்து துணியை இறக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முன்பு ஒரு தடவை யாருடைய கோட்டையோ வேறு யாரோ தன்னுடையது என்று வாங்கிப் போய்விட, சொந்தக்காரர் தன் கல்யாணத்துக்கே ஸ்வெட்டரில் போய் நிற்கும்படி ஆனது. அன்றிலிருந்து அப்பா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அது என்ன துணி, எதற்குப் போடுவது, எங்கே என்ன பழுது என்று சொன்னால்தான் தருவார். ஒருவருக்கு ஒரே தடவைதான் வாய்ப்பு. போலீஸ்காரர் வந்து கேட்டாலும் இதுதான்.

சின்னவன் கல்லா அருகே போய் நின்றான்.

“அப்பா.”

“ம்.”

தொண்டை வரைக்கும் வந்தது. “சாப்பிட்டீங்களா?”

“இப்பத்தான தட்ட எடுத்துட்டுப் போன?”

“ஆமா” என்று சொல்லிவிட்டு அவன் இஸ்திரி மேசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். வீரன்.

அக்கா ஆவியில் ஒரு வேட்டியை நீவிக்கொண்டே அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பைண்டரை வாங்க அளவு எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

“உன்னுதுதான அது? நல்லா கொடி ஏத்தியிருக்காரு. சல்யூட் அடிக்கலாமா?”

“அக்கா, ப்ளீஸ்.”

“சரி சரி, மூஞ்சிய அப்படி வச்சுக்காத. நான் வாங்கித் தரேன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். “அப்பா, அது என் இடுப்பு பெல்ட். எடுத்துக் கொடுங்க.”

அப்பா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “உனக்கு என்னைக்கு இடுப்பு வலிச்சுது?”

“நாள் பூரா நின்னு இஸ்திரி போட்டா வலிக்காதா?”

“நாள் பூராவா, நீயா? சரி. எங்க தையல் விட்டிருக்கு?”

அக்கா திரும்பிச் சின்னவனைப் பார்த்தாள். அவன் தன் இடது அக்குளைத் தட்டித் தட்டிக் காட்டினான். அவனை ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். “கீழ, ஓரத்துல” என்றாள் தைரியமாக.

“தப்பு. போய் வேலையப் பாரு.”

அவளுடைய ஒரே தடவை அதோடு போயிற்று.

அதற்குள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அது ஒரு போட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் அவசரமில்லை. அழகு நிலையத்து அம்மா, குழந்தையை முன்னால் கட்டிக்கொள்கிற பை என்றார். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர், மோட்டார் ரேஸில் போடுவது என்று சத்தியம் செய்தார். பாட்டு டீச்சர் நிதானமாகச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஏதோ வாத்தியத்துக்கு உறை என்று தீர்ப்புச் சொன்னார். எந்த வாத்தியம் என்றதும் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கப் போனார். ஒவ்வொருவர் வாயைத் திறக்கும்போதும் சின்னவனுக்கு ஒரு சாண் உயரம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் யாரும் கேலியாகச் சொல்லவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. பயந்தவன் காதில் எல்லாமே கேலியாகத்தான் விழும்.

சாயங்காலம் வரட்டும், கடை சாத்தியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டபோது மேஜர் வந்து சேர்ந்தார்.

மேஜர் பட்டாளத்துப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். வரிசையில் நிற்கிறவர்களை அவர் அதட்டிய அதட்டலுக்குத் தெரு கொடுத்த பதவி அது. இப்போது ஓய்வில் இருக்கிறார், அதட்டல் மட்டும் ஓயவில்லை.

“இந்தா, இது என் முதுகுவலி பெல்ட்டாச்சே” என்றார் நிமிர்ந்து பார்த்து. “போன மாசத்துலேர்ந்து தேடிட்டு இருக்கேன்.”

மேஜர் பொய் சொல்கிற ஆள் இல்லை. மறதிக்காரர். அவருடைய பெல்ட் நிஜமாகவே கறுப்பு, நிஜமாகவே இழுவைத் துணி.

“எதுக்குப் போடறது?” என்றார் அப்பா.

“அதான் சொல்றனே, முதுகுக்கு.”

“எங்க பழுது?”

“முதுகுல போடறத நான் எப்படிய்யா பாக்கறது? எனக்கென்ன பின்னால கண்ணா இருக்கு?”

அப்பா யோசித்தார். அதில் ஒரு நியாயம் இருந்தது. சின்னவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அப்ப ஒண்ணு செய்ங்க” என்றார் அப்பா. கொக்கியை வைத்துக் கம்பியிலிருந்து அதை இறக்கினார். “போட்டுக் காட்டுங்க. சரியா இருந்தா உங்களுது.”

மேஜர் சட்டைக்கு மேலேயே அதைத் தலை வழியாக மாட்டினார். தலை போயிற்று. ஒரு கை போயிற்று. இன்னொரு கை போக வழியில்லை. தலைக்கு மேல் தூக்கிய கையோடு, பாதி முகம் கறுப்புத் துணிக்குள் மூடியபடி, கடை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார். “துவைச்சு சுருக்கிட்டீங்கய்யா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அழகு நிலையத்து அம்மா உதவிக்கு வந்து கீழ் ஓரத்தைப் பிடித்தார். சைக்கிள் கடைக்காரர் கழுத்தைப் பிடித்தார். மூன்று பேரும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தார்கள்.

சின்னவன் தைரியசாலி என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் இழுக்காமல் இருந்திருந்தால் அவன் அந்த மேசைக்குப் பின்னாலேயே கிழவனாகியிருப்பான். ஆனால் நெஞ்சுப் பக்கத் தையல் படபடவென்று முனகியது அவன் காதில் விழுந்துவிட்டது.

“இழுக்காதீங்க” என்று பாய்ந்து வந்தான். “எலாஸ்டிக் போயிடும். விடுங்க, விடுங்க. சார், நீங்க குனிஞ்சு நில்லுங்க. கைய மடக்குங்க. மூச்ச விடுங்க. இப்ப மெதுவா.”

பழக்கப்பட்ட கை. அடியிலிருந்து சுருட்டி, தோளை வெளியே வாங்கி, தலையை வாங்கி, ஒரு நூல் இழுபடாமல் மேஜரை அதற்குள்ளிருந்து பிரசவம் பார்த்து வெளியே எடுத்தான். மேஜருக்கு முடியெல்லாம் சிலிர்த்து நின்றது.

பைண்டரைப் புறங்கையால் தடவிச் சரிபார்த்த பிறகுதான் சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். கடையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவும்.

“உனக்கு இது தெரியுமா?” என்றார் அப்பா.

“என்னோடது.”

அப்பா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். வாங்கி, கல்லா மேல் விரித்தார். அவருக்கு முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். பிள்ளை என்றாலும் விட மாட்டார், அப்படி ஒரு பிடிவாதம்.

“சொல்லு” என்றார். “என்னது, எதுக்கு, எங்க பழுது.”

இத்தனை பேர் முன்னாலா என்று சின்னவன் கண்ணாலேயே கேட்டான். அப்பா கண்ணை எடுக்கவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“பைண்டர்” என்றான். “நெஞ்சுக்குப் போடறது. சட்டைக்குள்ள தட்டையா இருக்கும். பசங்க நெஞ்சு மாதிரி. இடது அக்குள்ல தையல் விட்டுடுச்சு. நானே தச்சேன். கறுப்பு நூல் கிடைக்கல, நீல நூல்.”

அப்பா அக்குள் பக்கத்தைப் புரட்டினார். கோணல்மாணலாக நீல நூல் ஓடியிருந்தது. அதை அவர் கட்டைவிரலால் நெடுநேரம் தடவிக்கொண்டேயிருந்தார்.

“தையல் ரொம்ப மோசம்” என்றார்.

பிறகு மேஜர் பக்கம் திரும்பினார். “சார், இது உங்களுது இல்ல. எங்க சின்னவனோடது.”

அப்பா அவனைச் சின்னவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னவன் கல்லா விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“அதானே பாத்தேன்” என்றார் மேஜர், முடியைப் படிய விட்டுக்கொண்டே. “என் பெல்ட் இவ்வளவு மரியாதையில்லாம நடந்துக்காது. ஏம்ப்பா தம்பி, இதப் போட்டுக்கிட்டு மூச்சு விட முடியுதா உனக்கு?”

“அளவு சரியா இருந்தா முடியும் சார். தூங்கறப்ப கழட்டிடணும்.”

“நல்லது” என்றார் மேஜர். அதோடு அவருக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது, தன் பெல்ட்டைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். அழகு நிலையத்து அம்மாவுக்கு மட்டும் தன் குழந்தைப் பை தோற்றதில் கொஞ்சம் வருத்தம். சின்னவன் பயந்துகொண்டிருந்த இடி இவ்வளவுதான்.

அப்பாவின் இடி பிற்பாடு வந்தது, எல்லோரும் போன பிறகு.

“நம்ம வீட்டுத் துணி, குறி இல்லாம எப்படிக் கடைக்குள்ள வந்துச்சு?”

சின்னவன் கீழே கிடந்த ஒரு ஹேங்கரைப் பொறுக்கி எடுத்தான்.

“சட்ட வாங்குற, காட்ட மாட்டேங்குற. நீயா தோச்சுக்கற, நீயா காயப் போட்டுக்கற. அதுவும் எங்க, அலமாரிக்குள்ள. சலவைக்காரன் வீட்டுல நாறுன துணியப் போட்டுட்டுத் திரியற. நான் இருக்கேனா இல்லையா?”

“நீங்க எதுவும் கேக்கவே இல்லப்பா. சரின்னு ஒரு வார்த்த சொன்னீங்க. எந்தச் சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நீ குடுத்தாதான நான் தைக்க முடியும்?” அப்பாவின் குரல் உடைந்தது. “இந்த வீட்டு நூலே வேணாம்னு இருக்கியோன்னு நான் நெனச்சுக்கிட்டேன். கேட்டா கோச்சுக்குவியோன்னு.”

மாதக்கணக்கில் இரண்டு பேரும் இப்படி மென்று முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இரண்டு தலையையும் பிடித்து முட்டலாம் போல எனக்கு வந்தது. அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் கல்லா இழுப்பறையைத் திறந்து பச்சை நூல்கண்டை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

அப்பா ஊசியில் நூல் கோத்தார். கண் கலங்கியிருந்ததால் நூல் நுழையவில்லை, அக்கா வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அவர் பைண்டரைத் திருப்பிப் போட்டார். ஓரத் தையல் பக்கம் அவர் கை போகவேயில்லை. நேராகக் கழுத்துக்குப் பின்னால் போயிற்று.

“அப்பா, இழுவைத் துணில ஊசி போட்டா ஓட்ட விழும்.”

“பட்டையிலதான்டா போடறேன். எனக்குத் தெரியாதா?”

“வெயில்ல போடக் கூடாது. சுடுதண்ணி கூடாது.”

“ம்.”

“துணிய மெத்துன்னு ஆக்கற லிக்விட் ஊத்திடாதீங்க. எலாஸ்டிக் செத்துடும். இஸ்திரி கூடவே கூடாது.”

“பெரிய ராஜகுமாரன் துணி” என்றார் அப்பா. முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். “இன்னொண்ணு வாங்கு. ஒண்ணு காயறப்ப ஒண்ணு போடலாம். போ, மேல போயி மத்த சட்டையெல்லாம் எடுத்துட்டு வா.”

சின்னவன் படியேறி ஓடினான். இறங்கும்போது சட்டைக் குவியலுக்குப் பின்னால் அவன் முகமே தெரியவில்லை. அழுகிறான் என்பதை மறைக்க அது வசதியாகவும் இருந்தது. அன்று கடை சாத்தும் வரை அப்பா ஒவ்வொரு கழுத்தாக எடுத்துப் பச்சை முடிச்சுப் போட்டுக்கொண்டேயிருந்தார். பைண்டர் வீட்டுக் கொடியில், அவருடைய பனியனுக்கும் அக்காவின் சுடிதாருக்கும் நடுவே, நிழலில் காய்ந்தது.

புது அட்டை வாரக் கடைசியில் கைக்கு வந்தது. இஸ்திரி மேசை மேல் வைத்து மூவரும் குனிந்து பார்த்தார்கள். சட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கீழே புதுப் பெயர். தலை மட்டும் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“என்னடா, கழுத்து சுளுக்கா?” என்றாள் அக்கா.

“இல்ல. பின்னால முடிச்சு குத்திச்சு.”

அப்பா அட்டையைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“பெரிசா போட்டுட்டேன் போலருக்கு” என்றார். “கொண்டா, பிரிச்சுட்டுச் சின்னதா போட்டுத் தரேன்.”

“வேணாம்ப்பா” என்றான் சின்னவன். “குத்தட்டும்.”